ஏழாம் பாடத்துப் புருஷன்

தாசையன் சார் சொன்னதை ஜாண்ரோஸ் பதினோரு வருடமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்காகத் தினமும் கொஞ்சம் பாடுபட்டான் என்றும் சொல்லலாம். நடந்ததில் முக்கால்வாசி அவன் கண்முன் நடந்தது. டி.வி.க்குள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி அவன் பெண்டாட்டியின் குரலில் அவனைத் திட்டியது, ஊரே மூன்று மாடி ஏறிவந்து அதைக் கேட்டது, ஊர் ஆண்கள் வரிசையில் நின்று பதில் சொல்லித் தோற்றது, இதிலெல்லாம் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பஸ் நிறுத்தம் வடக்கே தள்ளிப்போனது எப்படி எல்லோருக்கும் தெரியுமோ அப்படி அது காஞ்சிரவிளையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சந்தேகமெல்லாம் மீதிக் கால்வாசியில்தான், தாசையன் சார் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பப்படத்தை நொறுக்கிக்கொண்டே அரை நிமிடத்தில் சொல்லிமுடித்த விஷயத்தில்தான்.

காஞ்சிரவிளை முக்கில் டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஜெர்மன் வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஜஸ்டஸ் என்பவர். அவருக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. படித்தவர்கள் பதினோரு நர்ஸுகள், எல்லோரும் பரீட்சை எழுதி அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகக் காத்திருந்தவர்கள். சொல்லிக்கொடுத்தவர் தாசையன், அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பன்னிரண்டு வருடம் பாத்திரம் கழுவி, கிழவர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழியைப் படித்தவர். நர்ஸுகள் புத்தகத்தை ஞாயிறுப் பள்ளியில் வசனம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்கள். ஒரு கேள்வி கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். அதனால் அவர் இருபத்துநான்கு பாடம் கொண்ட வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து சுவர் டி.வி.யில் போட்டார். படத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பார். பாதிப்பேரை டி.வி.க்கு முதுகு காட்டி உட்காரவைத்து, மீதிப்பேரை நடப்பதை எடுத்துச்சொல்லச் சொல்வார். சத்தத்தை நிறுத்திவிட்டு, இவர்கள் என்ன பேசுகிறார்கள், நீங்கள் பேசுங்கள் என்பார்.

ஏழாம் பாடம் ஒரு காலைச் சாப்பாட்டு மேஜை. புருஷன் பேப்பர் படிக்கிறான், பெண்டாட்டி காப்பி ஊற்றுகிறாள், ரொட்டி அறுக்கிறாள், என்னவோ சொல்கிறாள், விரலை மடக்கி எண்ணுகிறாள், உள்ளங்கையால் மேஜையில் தட்டுகிறாள், கடைசியில் அவன் பேப்பரை இறக்கிப் பதில் சொல்கிறான். உண்மையில் அவர்கள் சைக்கிள் செயின் அறுந்துபோனதைப் பற்றித்தான் பேசினார்கள், யார் அதைக் கடைக்குக் கொண்டுபோவது என்று. அந்தப் பாடம் வந்த அன்று டைல்ஸ் கடைக்குப் பின்வீட்டில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை காஞ்சிரவிளையில் யாரும் டி.வி. சத்தம் வைப்பதில்லை, அது அங்கே எழுதாத சட்டம். அதனால் தாசையன் சத்தத்தை அடியோடு நிறுத்தி, நர்ஸுகளில் வினோலியாவைப் பெண்டாட்டிக்கும் ஷெர்லினைப் புருஷனுக்கும் பேசச் சொன்னார். ஜெர்மனில் வராமல் இரண்டுபேரும் முழித்தபோது, பின்வீட்டு அழுகை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தபோது, பொறுமை இழந்து அந்தத் தப்பைச் செய்தார்.

"இண்ணைக்கு ஒரு நாளு தமிழ்ல பேசுங்க. நாளைக்கு அத ஜெர்மன்ல மாத்துவோம். மெதுவாப் பேசணும், சாவு வீடு."

வினோலியா ஜாண்ரோஸின் பெண்டாட்டி. முப்பது வயது, கல்யாணமாகி ஆறு வருடம், தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, யாரிடமும் அதிகம் பேசாதவள். அவள் எழுந்து டி.வி. முன்னால் நின்று, அந்த வெள்ளைக்காரியின் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"பேப்பரக் கீழ வையும். ஆறு வருசமா அதுக்குப் பொறத்த ஒரு மொகம் இருக்கான்னு தேடுதேன். டூட்டி முடிஞ்சு காலு வீங்கி வந்து நிக்கேன், தின்னியான்னு ஒரு தடவ கேட்டீரா? ஆஸ்பத்திரில எத்தன பேருக்கு ஊசி போட்டிருக்கேன், அவனுவ வலிக்குதுன்னாவது சொல்லுவானுவ. நீரு அதும் சொன்னதில்ல. எனக்குக் கலஞ்சு போச்சுன்னு முத்தத்துல நின்னு சொன்னேன். நீரு வானத்தப் பாத்தீரு. மழ வருது, ரப்பர் ஷீட்ட எடுத்து உள்ள போடுன்னு சொன்னீரு. நான் எடுத்துப் போட்டேன். நாப்பத்தேழு ஷீட்டு. எண்ணி எண்ணிப் போட்டேன். அந்தாக்குல போய்ப் படுத்தேன். இதுக்கு ஒரு பதிலு சொல்லும், கேப்போம்."

வெள்ளைக்காரியின் விரல் மடங்கிய இடத்தில் நாற்பத்தேழும், உள்ளங்கை மேஜையில் விழுந்த இடத்தில் பதிலும் வந்து சரியாக உட்கார்ந்தன. புருஷன் பேப்பரை இறக்கி வாய் திறந்தபோது ஷெர்லின் பேசியிருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பிணம் போனபிறகு தாசையன் சத்தத்தைக் கூட்டி அதே பாடத்தை மறுபடி போட்டார். வெள்ளைக்காரி காப்பி ஊற்றிக்கொண்டே, "பேப்பரக் கீழ வையும்" என்றாள். வினோலியாவின் குரல், வினோலியாவின் இழுப்பு, பின்னால் ஜன்னல் வழியே வந்த அழுகை உட்பட. புருஷன் பேப்பரை இறக்கினான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தாசையன் ரிமோட்டில் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். பென்டிரைவைச் சட்டையில் துடைத்துச் சொருகிப் பார்த்தார். பிறகு எட்டாம் பாடத்துக்குப் போனார்; எட்டாம் பாடம் ரயில் நிலையம், அதில் எல்லோரும் ஒழுங்காக ஜெர்மன்தான் பேசினார்கள்.

காஞ்சிரவிளை இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் ஜஸ்டஸ் அடுத்த வகுப்புக்கு ஏழாம் பாடம் இல்லாமல் போனதைச் சொல்லித் தாசையனை ஏசினார், பிறகு டைல்ஸ் கடைப் பெண்கள் கேட்கவேண்டும் என்றபோது புதன்கிழமை மத்தியானம் ஒருமுறை போட்டுக்காட்டினார், அதன்பிறகு புதன்கிழமை மத்தியானம் என்றாலே படிக்கட்டில் செருப்பு வைக்க இடம் இல்லாமல் போயிற்று. போனில் பிடித்துக்கொண்டுபோனால் படம் மட்டும்தான் போனது, ஒலி அந்தக் கட்டடத்தை விட்டு இறங்கவில்லை, அதனால் கேட்க நினைத்தவர்கள் படியேறித்தான் ஆகவேண்டும். அங்கன்வாடி டீச்சர் வந்தாள், பால் சொசைட்டிக்காரிகள் வந்தார்கள், ரப்பர் வெட்டும் பெண்கள் ரப்பர் பால் வாடை போகாத கையோடு வந்தார்கள், முட்டுவலிக்காரிகள் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழும்பி வந்தார்கள். வந்தவர்கள் அதிசயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு பெண் தன் புருஷனை 'நீரு' என்று சொல்லலாமா என்பதையும், நாற்பத்தேழு ஷீட் என்பது ஒரு பெண் தனியாக எடுக்கக்கூடியதா என்பதையும், அந்த வெள்ளைக்காரி ரொட்டியை அறுக்கிற விதத்தையும் பேசினார்கள். வீடுகளில் ஒரு புதுச் சொல் வழக்கத்துக்கு வந்தது. புருஷன்மார் சத்தம் போட்டால், பெண்டாட்டிமார் அடுப்படியிலிருந்து தலை நீட்டாமலே, "ஏழாம் பாடம் போடட்டா?" என்று கேட்டார்கள்.

ஜாண்ரோஸுக்கு டெம்போ மணியன்தான் சொன்னான். ஜாண்ரோஸ் அப்போது ஷீட் அடிக்கிற மெஷினில் நின்றுகொண்டிருந்தான். உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்து, மறுபக்கம் பாய்போல வருவதைப் பிடித்துக் கொடியில் போடுவது அவன் தொழில்.

"ஜாண்ரோஸே, ஒனக்க வீட்டுக் காப்பி டி.வி.ல ஆறிப் போவுது, கேட்டியா?"

"என்ன ஒளறுதே?"

"ஒளறல்லடே. ஒனக்க ஆளு வெள்ளக்காரிக்க வாயில ஏறி இருந்து ஒன்ன வெளுக்குதா. எனக்க வீட்டுக்காரி ரெண்டு தடவ போய்க் கேட்டாச்சு. மூணாவது தடவைக்கு என்னயும் கூப்பிடுதா."

அன்று சாயங்காலம் ஜாண்ரோஸ் வினோலியாவிடம் கேட்டான். அவள் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள், மூன்று வாரத்தில் சென்னையில் பேச்சுப் பரீட்சை, வேலைக்கான கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது.

"கிளாஸ்ல நடந்தது கிளாஸ்ல நடந்தது," என்றாள்.

"ஊரு பூராக் கேக்குது."

"ஊரு கேக்கட்டும். நீங்க கேட்டியளா?"

மறுபடி 'நீங்க'. அதுதான் அவனுக்கு எரிந்தது. டி.வி.க்குள் இருந்தவள் திட்டியதைவிட, வீட்டுக்குள் இருந்தவள் மரியாதையாகப் பேசியது. அவன் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டான்.

"அத அழிச்சிட்டு வா. அழிச்சிட்டு வந்தா இது ஒனக்கு. இல்லன்னா நீ சென்னைக்கும் போவாண்டாம், செருமனிக்கும் போவாண்டாம்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

புதன்கிழமை அவன் படியேறினான். கடைசி பெஞ்சில் இடம் விட்டார்கள். பெண்கள் டி.வி.யைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரி பேசிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தேழு என்றபோது அவன் எழுந்து, "அணைடே அத" என்றான். யாரும் அணைக்கவில்லை. டி.வி.யில் புருஷன் பேப்பரை இறக்கி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, முடித்தான்.

அப்போதுதான் ஆண்களுக்கு விளங்கியது, ஊருக்குக் கேவலம் திட்டினவளால் வரவில்லை, வாய் திறந்தும் சத்தம் வராத இந்த வெள்ளைக்காரனால்தான் வருகிறது என்று. அவனுக்கு ஒரு பதிலைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த புதன்கிழமை ஆண்களும் ஏறினார்கள். வார்டு மெம்பர் சத்தத்தை நிறுத்தச்சொல்லி, புருஷன் வாய் திறந்த நேரம் பார்த்து, "குடும்பம்னா நாலும் இருக்கும், நாம பேசித் தீப்போம்" என்றார். மறுபடி சத்தத்தோடு போட்டபோது வெள்ளைக்காரன் ஊமையாகவே இருந்தான். சபைப் போதகர் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தார், அவர் முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது. கிறிஸ்மஸ் நாடகத்தில் வருடாவருடம் ஏரோது ராஜாவாக நடிக்கும் ஆசீர்வாதம் உறுமி, மேஜையில் குத்தி, "சிலுப்பாத, பேசாம இரி" என்றார். வெள்ளைக்காரனின் உதடு அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னதெல்லாம் டி.வி. கண்ணாடிவரை போய் எண்ணெய்போல வழிந்து இறங்கியது. பெண்கள் சிரிக்கவில்லை, அதுதான் ஆண்களை இன்னும் கெட்ட ஆத்திரத்துக்குக் கொண்டுபோயிற்று. அன்று இறங்கும்போது யாரோ தாசையனின் பைக் சீட்டைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போனார்கள்.

"சொந்தப் புருஷன் சொன்னா ஒட்டும்," என்று மறுநாள் மெம்பர் சொல்ல, ஜாண்ரோஸை டி.வி. முன்னால் தள்ளினார்கள். வினோலியா ஓரத்தில் நின்றிருந்தாள். வெள்ளைக்காரன் பேப்பரை இறக்கினான். ஜாண்ரோஸ் ராத்திரியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்று.

"மழ வந்துச்சா, இல்லியா?"

அதுவும் ஒட்டவில்லை. ஆனால் அறைக்குள் எல்லோருக்கும் ஒட்டியது. ஷெர்லின் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள், ஏதோ கெட்ட வாடை வந்ததுபோல.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தபோது மெம்பரும் போதகரும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். பேசிப் பதிந்ததைப் பேசித்தான் அழிக்க முடியும். வினோலியா மறுபடி டி.வி. முன்னால் நின்று, ஊர் கேட்க, பாடத்தில் உள்ளதை உள்ளபடி ஜெர்மனில் சொல்லவேண்டும். சொல்லிமுடித்தால் ஜாண்ரோஸ் பாஸ்போர்ட்டைக் கொடுப்பான், ஜஸ்டஸ் பென்டிரைவை ஜாண்ரோஸிடம் கொடுப்பார், இதோடு முடிந்தது. தாசையன் சைக்கிள் செயின் வசனத்தை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மாடிப் படியிலும் ஆள் நின்றது. சத்தத்தை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரி காப்பி ஊற்ற ஆரம்பித்தாள். வினோலியா ஊருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தாளைப் பிரிக்காமலே பேசினாள், தடையில்லாமல், நிறுத்தி நிதானமாக, அந்த மொழியிலேயே பிறந்து சண்டைபோட்டவள்போல. ஜாண்ரோஸுக்கு ஒரு சொல் புரியவில்லை. விரல் மடங்கியது, உள்ளங்கை மேஜையில் விழுந்தது. முடிந்ததும் மீதிப் பத்து நர்ஸுகளும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள், அதைப் பார்த்து ஊரும் கைதட்டியது, போதகர் ஸ்தோத்திரம் சொன்னார்.

தாசையன் சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டார். வெள்ளைக்காரி ஜெர்மன் பேசினாள், வினோலியாவின் குரலில். ஊரில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதே ஊருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வெள்ளைக்காரன் பேப்பரை இறக்கினான், அவளைப் பார்த்தான், பேசினான். யாரும் கொடுக்காத ஒரு குரல், கரகரத்த, அதிகம் பழகாத குரல். நாலைந்து சொல் இருக்கும். சொல்லிவிட்டு அவன் பேப்பரை மறுபடி எடுக்கவில்லை.

"என்ன சொல்லுதான்?" என்று மெம்பர் கேட்டார்.

தாசையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்கான்," என்றார்.

ஜாண்ரோஸ் இடுப்பிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான், வேர்வையில் அட்டை நெளிந்திருந்தது. பென்டிரைவை வாங்கிக்கொண்டு நேராக மெஷினுக்குப் போனான். ஒரு துண்டு ரப்பருக்குள் அதைப் பொதிந்து உருளைக்குள் கொடுத்து, ஒருமுறை, இரண்டுமுறை, ஏழுமுறை திருப்பினான், தகரமும் பிளாஸ்டிக்கும் நசுங்கி ஷீட்டோடு ஷீட்டாகும்வரை. அதையும் கொடியில் போட்டான். ஜெயித்தவன் எப்படி நிற்பானோ அப்படிக் கொஞ்சநேரம் அதன் முன்னால் நின்றான்.

வினோலியா பரீட்சையில் தேறி ஜெர்மனிக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது, குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்பதற்குமேல் போகாத போன்; பிறகு ஞாயிறு ஒன்றுவிட்டு ஒன்று ஆயிற்று; பிறகு ஒரு வக்கீல் கவர் வந்தது, அவன் கையெழுத்துப் போட்டான். ஊர் அதையும் பழகிக்கொண்டது. அதன்பிறகுதான் அந்தக் கல்யாணப் பந்தி.

"நான் ஒண்ணு சொல்லட்டா, ஜாண்ரோஸ்?" என்றார் தாசையன். "அண்ணைக்கு அவ சைக்கிளப் பத்திப் பேசல்ல."

"பொறவு?"

"மொதல்ல என்ன சொன்னாளோ அதத்தான் சொன்னா, ஜெர்மன்ல. பேப்பரு, வீங்கின காலு, முத்தம், மழ, நாப்பத்தேழு. ஒரு சொல்லு விடல்ல. எனக்க பன்னிரண்டு வருசத்துல அப்பிடி ஒரு ஜெர்மன் நான் கேட்டதில்ல."

"அப்போ நீரு எதுக்கு வாய மூடிட்டிருந்தீரு?"

"எனக்க வேல அவளப் பேசவைக்கது. பேசினா."

"மத்தப் பத்துப் பேருக்கும் தெரியுமா?"

"அவளுவதான மொதல்ல கை தட்டினாளுவ."

ஜாண்ரோஸ் இலையை மடித்துவிட்டு எழுந்தான், பாயசம் வருமுன். இந்த ஆளுக்குப் பைக் சீட்டுக் கோபம் இன்னும் போகவில்லை, அதுதான் என்று வீடுவரை சொல்லிக்கொண்டு போனான். ஒருமுறை எப்படியோ நம்பர் பிடித்து ஷெர்லினைக் கூப்பிட்டான். அவள் தூரத்து நாட்டில் ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "அண்ணாச்சி, அண்ணைக்கு நான் நல்ல உறக்கம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். தாசையன் சொல்வது பொய்யென்றால், வினோலியா தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், அவன் மன்னித்து அனுப்பினான், கதை அங்கே தீர்ந்தது. மெய்யென்றால், ஊர் கூடியிருக்க அவள் அவனை இரண்டாம் முறையும் கேட்டாள், அவன் கைதட்டினான். ஆம், அவனும் கைதட்டியிருந்தான். உள்ளங்கைக்கு அது ஞாபகம் இருந்தது. எது நடந்தது என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை அவனே உருளைக்குள் கொடுத்திருந்தான். பொய்தான், பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டான். ஆனால் ஒன்று மட்டும் பொய்க்குள் அடங்காமல் நின்றது: அந்த வெள்ளைக்காரனின் முகம். சைக்கிள் செயினுக்குப் பதில் சொல்லும்போது ஒருவனுக்கு முகம் அப்படி ஆகாது.

அந்த முகத்தை அவன் சவரக் கண்ணாடியில் செய்துபார்த்திருக்கிறான். வந்ததில்லை.

ஐம்பத்துமூன்றாம் வயதில், போன ஐப்பசியில், அவன் தாசையன் வீட்டுக்குப் போனான். இருவருக்குள்ளும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. தாசையன் நாற்காலியைக் காட்டி, "இரியும்" என்றார். ஜாண்ரோஸ் உட்கார்ந்தான். நீரு பொய்தான சொன்னீரு என்ற கேள்வியோடுதான் அவன் வந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்தது, காற்று அடித்தது, முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்தன.

"ஷீட்டு கொடியில கெடக்குமே," என்றார் தாசையன். "போவல்லியா?"

ஜாண்ரோஸ் எழவில்லை. மழை வலுத்து, தகரத்தின் சத்தம் அறையை நிறைத்தது. அவன் அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சாரே, அண்ணைக்கு அந்த ஆளு அவளுக்குச் சொன்ன பதில, நான் சொல்லிப் படிக்க எத்தன நாளாவும்?"